மலையில்லா ஊரில் மலைச் சைக்கிள்

மட்டாஞ்சேரியில் மலை ஏது? ஒருபுறம் காயல்; மறுபுறம் சிறிது தொலைவில் கடல்; இரண்டிற்கும் நடுவே கடல் மட்டத்தைவிட ஒரு முழமோ இரண்டு முழமோ உயர்ந்த தரை. ஓதம் பெருகும் நாள்களில் சந்துகளுக்குள் உப்புநீர் புகுந்து வாசற்படியை நனைப்பதை இவ்வூர்த் தமிழ்க் குடும்பத்தார் யாவரும் அறிவர். அண்டையிலுள்ள வில்லிங்டன் தீவும், ராபர்ட் பிரிஸ்டோ என்ற ஆங்கிலப் பொறியாளர் 1920களிலும் 1930களிலும் துறைமுகத்துக்காகக் காயலை ஆழப்படுத்தியபோது வெளிவந்த மண்ணைக் கொட்டி உண்டாக்கிய நிலமே. தோப்பும்படிப் பாலத்தின் ஏற்றம்தான் நமக்கு வாய்த்த மலை.

இத்தகைய ஊரில் இருந்துகொண்டு, 2025ஆம் ஆண்டு புரட்டாசி மாதம் முழுவதும் நம் வீட்டில் மலைச் சைக்கிளைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம் என்றால் அன்பர்கள் நகைக்கக்கூடும். சங்கத்தின் மாதக் கூட்டத்தில் சிலர் நகைக்கவும் செய்தனர். ஆனால் நகைத்த அவர்களே கூட்டம் கலைந்த பின்னர்த் தனித்தனியே அருகில் வந்து, “எந்த மாதிரி வாங்கினீர்கள்? என்ன விலையாயிற்று?” என்று மெல்ல வினவினர். எல்லார் வீட்டிலும் வளரும் பிள்ளை இருக்கிறது. எல்லார் கையிலும் பணம் குறைவாகத்தான் இருக்கிறது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியே விடை கூறுவதைவிட ஒருமுறை எழுதிவிடுவது நலம் என்று தோன்றியது.

விஷயம் ஓணம் விடுமுறையில் தொடங்கியது. தென்காசிக்கு அருகிலுள்ள நம் ஊருக்குக் குடும்பத்தோடு போயிருந்தோம். அங்கே அக்காள் மகன் அரசுப் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்புப் பயில்கிறான். தமிழ்நாட்டில் அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவிபெறும் பள்ளிகளிலும் பதினோராம் வகுப்புப் பயில்வோர்க்கு அரசாங்கம் விலையின்றிச் சைக்கிள் வழங்குவது அன்பர்கள் அறிந்ததே. அவனுக்கும் சென்ற ஆண்டு கிடைத்திருந்தது. அந்தச் சைக்கிளில் நம் மகன் நான்கு நாள் ஊரைச் சுற்றினான். மேற்கே நிமிர்ந்தால் உண்மையான மலையே நிற்கும் ஊர் அது. அங்கே எவனும் மலைச் சைக்கிள் கேட்கவில்லை என்பதையும் இங்கே குறிக்க வேண்டும்.

திரும்பி வருகையில் இரயில் செங்கோட்டையைத் தாண்டி ஆரியங்காவுக் கணவாயில் ஏறிக்கொண்டிருந்தது. பையன் சன்னலோரம் அமர்ந்து வெகுநேரம் பேசாமலிருந்து, பிறகு கேட்டான்: “அப்பா, நாம ஊர்லயே இருந்திருந்தா எனக்கும் ஒரு சைக்கிள் கிடைச்சிருக்கும், இல்லையா?”

அவன் குறையாகக் கேட்கவில்லை. கணக்குக் கேட்பதுபோலத்தான் கேட்டான். எனினும் அந்தக் கேள்வி நம்மைத் தைத்தது. பிழைப்புத் தேடி எல்லை தாண்டி வந்தவன் எவற்றையெல்லாம் பெற்றான் என்று பிறர் கணக்கிடுவர். அவன் பிள்ளைகள் எவற்றை இழந்தனர் என்பதை அப்பிள்ளைகள் மட்டுமே கணக்கிடுகின்றனர். கொல்லம் வரும்வரை நாம் விடையொன்றும் கூறவில்லை. கொல்லத்தில் தேநீர் வாங்கிக் கொடுத்துவிட்டு, “ஆயுத பூசைக்கு வாங்கலாம்” என்று சொன்னோம். சொன்ன பிறகுதான் பணத்தைப் பற்றிய நினைவு வந்தது.

இரயில்வே ஊழியர்க்கு ஆயுத பூசையை ஒட்டிக் கிடைக்கும் 78 நாள் போனஸ், உச்சவரம்பின்படி 17,951 ரூபாய். அது கைக்கு வருமுன்னரே அதன்மீது பல கைகள் நீண்டிருக்கும். வாடகைப் பாக்கி, மகளின் பள்ளிச் செலவு, ஊரில் தாயாரின் கண் வைத்தியம் ஆகியவை போக, எட்டாயிரத்திற்குமேல் ஒரு காசும் ஒதுக்க இயலாது என்று இல்லத்தரசியார் தீர்ப்பளித்துவிட்டார். அத்துடன் ஒரு வாசகத்தையும் சேர்த்துக்கொண்டார்: “போன தடவை ஸ்பிரிங்குக்குக் காசு கொடுத்தோம். இந்தத் தடவையாவது சைக்கிளுக்குக் கொடுங்க.”

அந்தப் ‘போன தடவை’ யாது என்பதையும் வெட்கத்தை விட்டுக் கூறிவிடுகிறோம். மூன்றாண்டுகளுக்கு முன், எர்ணாகுளத்தில் பின்னிரவுப் பணி முடிந்து வருவதற்கு உதவுமென்று நமக்காகவே ஒரு மலைச் சைக்கிள் வாங்கினோம். முன்னாலும் பின்னாலும் ஸ்பிரிங்; இரண்டு சக்கரத்திலும் டிஸ்க் பிரேக்; இருபத்தொரு கியர்; உடம்பெல்லாம் சிவப்பும் கறுப்புமாய்க் கோடுகள். ஒன்பதாயிரத்து ஐந்நூறு ரூபாய், தவணையில். கடைக்காரர் நம்மை அதன்மேல் அமரச் செய்து, “பாருங்கள், மெத்தை போல இறங்குகிறது” என்றார். இறங்கத்தான் இறங்கிற்று. மிதிக்கும்போதும் இறங்கிற்று. பெடலில் காலை ஊன்றும் ஒவ்வொரு முறையும் நம் பலத்தில் ஒரு பங்கு ஸ்பிரிங்கை அமுக்கவே செலவாயிற்று. ஒருநாள் பார்சல் அலுவலகத்துத் தராசில் ஏற்றிப் பார்த்தோம்: பத்தொன்பது கிலோவுக்குமேல் சில கிராம். ஒரு மழைக்காலம் கழிந்தது. பின் ஸ்பிரிங் துருவேறி, ஊஞ்சற் சங்கிலிபோல் முனகத் தொடங்கியது. டிஸ்க் வளைந்து உராய்ந்தது. கியர் தானே மாறியது. இடுப்புவலியோ நாள்தோறும் வளர்ந்தது. ஈற்றில் ஆயிரத்தைந்நூறு ரூபாய்க்குத் தள்ளிவிட்டோம். தவணை அதன்பிறகும் இரண்டு மாதம் பாக்கியிருந்தது. இல்லாத சைக்கிளுக்குத் தவணை கட்டுவது எத்தகைய அனுபவம் என்பதைப் பட்டவர்களே அறிவர்.

நிற்க. பையன் விரும்பியதும் அதே மாதிரிதான்! அவனுடைய வகுப்புத் தோழர் இருவரிடம் அவ்வகைச் சைக்கிள் இருக்கிறது. நம் பழைய கதையை எடுத்துச் சொன்னால், “அது பழைய மாடல், அப்பா” என்கிறான். இந்நிலையில் நம் சொல் எடுபடாது என்று கண்டு, ஒரு ஞாயிறன்று அவனை வாத்துருத்திக்கு அழைத்துச் சென்றோம். தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள் நெருங்கி வாழும் அந்த இடத்தை அறியாத வாசகர் இருக்கமாட்டார். அங்கே நெல்லைச் சீமையிலிருந்து வந்து நெடுங்காலமாகச் சைக்கிள் பழுதுபார்க்கும் பெரியவர் ஒருவர் இருக்கிறார். ‘அண்ணாச்சி’ என்றுதான் யாவரும் அழைப்பர். ‘ஓவர்ஹாலிங்’ என்பதை ‘ஓவராயில்’ என்றே சொல்பவர். ஆயினும் சக்கரத்தைச் சுழற்றிக் கண்ணால் பார்த்தே கோட்டம் எடுப்பவர்.

அவர் நம் வரலாற்றையெல்லாம் கேட்டுவிட்டுப் பையனிடம் திரும்பி, “மாப்ளே, உனக்கு எங்க வலிக்கக்கூடாது?” என்று கேட்டார். பையன் விழித்தான். “சொகுசு வேணும்னு வர்றவங்ககிட்ட நான் முதல்ல இதைத்தான் கேக்கறது. முதுகா, கையா, முழங்காலா, உக்காருற இடமா? ஒவ்வொண்ணுக்கும் ஒரு மருந்து இருக்கு. ஸ்பிரிங் இதுல எதுக்கும் மருந்தில்லை” என்றார். அன்று அவர் செய்து காட்டியவற்றையே, நாம் பின்னர்ப் படித்தறிந்த சிலவற்றோடு சேர்த்து இங்கே எழுதுகிறோம்.

முதலாவது அளவு. வளரும் பிள்ளைக்குச் சட்டை தைக்கும்போது இரண்டங்குலம் கூட்டித் தைப்பது நம் வழக்கம். சைக்கிளையும் அவ்வாறே, “இரண்டு வருஷத்துக்குக் காணட்டும்” என்று பெரிதாக வாங்கிவிடுகிறோம். சிறுவயதில் நாமெல்லாம் பெரியவர்களின் சைக்கிளில் பாருக்கு அடியில் காலை நுழைத்துக் குரங்குப் பெடல் போட்டவர்களாதலால், அதில் தவறிருப்பதாகவே நமக்குத் தோன்றுவதில்லை. ஆனால் பெரிய சட்டகத்தில் ஹேண்டில்பார் எட்டத்தில் இருக்கும். எட்டிப் பிடிப்பவன் முதுகு வளையும். உடல் பாரம் மணிக்கட்டில் இறங்கும். அரைமணி நேரத்தில் விரல்கள் மரத்துப்போகும். பையனைப் பாரின் இருபுறமும் கால் வைத்து நிற்கச் சொன்னார் அண்ணாச்சி. பாருக்கும் உடலுக்கும் இடையே இரண்டங்குலமேனும் இடைவெளி வேண்டுமாம். ஐந்தடி நான்கங்குல உயரமுள்ள நம் பையனுக்கு 26 அங்குலச் சக்கரமும் 17 அங்குலச் சட்டகமும் பொருந்தின. கடைகளில் இப்போது 27.5, 29 அங்குலச் சக்கரங்களை முன்வரிசையில் நிறுத்திப் பிள்ளைகளுக்கு ஆசை காட்டுகின்றனர். உயரமானவர்க்கு அவை நல்லவையாகவே இருக்கலாம்.

அடுத்தது சீட்டின் உயரம். இதற்குக் காசே வேண்டா. சீட்டில் அமர்ந்து, பெடல் மிகக் கீழே இருக்கையில் குதிகாலை அதன்மேல் வைத்தால் கால் நேராக நீள வேண்டும். பிறகு பாதத்தின் முன்பகுதியால் மிதிக்கும்போது முழங்கால் தானாகவே சிறிது மடங்கி நிற்கும். நம்மவர் பலரும் இரண்டு பாதமும் தரையில் முழுதும் பதியுமாறு சீட்டைத் தாழ்த்திக்கொள்கின்றனர். பிறகு முழங்கால் வலிக்கிறதென்று தைலம் தேய்க்கின்றனர். நாமும் அப்படித் தேய்த்தவரே. ஹேண்டில்பாரையும் வேண்டிய அளவு உயர்த்தலாம்; விலை குறைந்த சைக்கிள்களில் பெரும்பாலும் மேலிருக்கும் ஒரு போல்ட்டைத் தளர்த்தினால் போதும். ஆனால் அந்தத் தண்டில் ஓர் எல்லைக்கோடு பொறித்திருக்கும். அக்கோடு வெளியே தெரியுமளவு உயர்த்திவிட்டால், ஒருநாள் ஹேண்டில்பார் கையோடு வந்துவிடும்.

சீட்டைப் பற்றி நம் எண்ணம் முழுவதும் பிழையாக இருந்தது. விரலால் அழுத்தினால் அமுங்கும் மெத்தையே சுகமென்று நினைத்திருந்தோம். கடையில் ஐந்து நிமிடம் அமர்பவர்க்கு அது மெய்தான். ஒரு மணி நேரம் அமர்ந்தாலோ, எலும்புகள் அமிழ்ந்து நடுவிலிருக்கும் பஞ்சு மேலெழும்பி, அழுந்தக்கூடாத இடத்தில் அழுத்துகிறது. நாம் உட்காரும்போது உடலைத் தாங்குபவை இடுப்பெலும்பின் அடியிலுள்ள இரண்டு முனைகள். அவை இரண்டும் சீட்டின்மேல் நன்றாகப் பதியுமாறு அகலம் வேண்டும். பரப்பு ஓரளவு கெட்டியாயிருத்தல் வேண்டும். நிமிர்ந்து அமர்பவர்க்கு அகலம் கூடுதலாகவும், குனிந்து ஓட்டுபவர்க்குக் குறைவாகவும் தேவை. மலைச் சைக்கிளில் வரும் சீட்டு குனிந்து ஓட்டுபவர்க்கானது. நம் பிள்ளைகளோ பள்ளிப்பையை முதுகில் சுமந்து நிமிர்ந்து செல்பவர்கள். ஆகவே சீட்டை மாற்றியே ஆகவேண்டும் என்றார் பெரியவர்.

பையன் அதுவரை பொறுமையாகக் கேட்டுவிட்டு, “எல்லாம் சரி தாத்தா, பள்ளத்துல விழுந்தா ஸ்பிரிங் வேணுமில்ல?” என்றான். மட்டாஞ்சேரிக் கடைவீதியில் சுமைவண்டிகள் அரைத்த சாலையைக் கண்டவர் எவரும் அந்தக் கேள்வியைத் தள்ளிவிட முடியாது. பெரியவர் விடைகூறாமல், சுவரில் சாய்த்திருந்த ஒரு சைக்கிளின் டயரை அழுத்திப் பார்க்கச் சொன்னார். கல்போல் இருந்தது. காற்றைச் சிறிது இறக்கிவிட்டு மீண்டும் அழுத்தச் சொன்னார். “இதான் ஸ்பிரிங். துருப்பிடிக்காத ஸ்பிரிங்” என்றார்.

அவர் கூறியது எவ்வளவு உண்மை என்பதை அன்றிரவு படித்தபோது உணர்ந்தோம். காற்றடைத்த டயரை நடைமுறைக்குக் கொண்டுவந்த ஜான் பாய்டு டன்லப், பெல்பாஸ்ட் நகரில் கால்நடை வைத்தியர். கட்டி இரப்பர் பூண்ட முச்சக்கர வண்டியில் தம் சிறுமகன் கல்பாவிய தெருவில் குலுங்கிக் குலுங்கிச் செல்வதைக் கண்டு, இரப்பர்க் குழாயில் காற்றடைத்துச் சக்கரத்தில் சுற்றிக் கொடுத்தார். 1888ஆம் ஆண்டு அதற்குக் காப்புரிமையும் பெற்றார். ராபர்ட் வில்லியம் தாம்சன் என்பவர் 1845ஆம் ஆண்டிலேயே இத்தகைய சக்கரத்துக்கு உரிமை பெற்றிருந்தார் என்பது பின்னர்த்தான் தெரியவந்ததாம். அது எப்படியாயினும், இன்று உலகெங்கும் ஓடும் டயர் ஒரு தகப்பன் தன் மகனின் சுகத்துக்காகச் செய்த கைவேலையிலிருந்து வந்தது என்று படித்தபோது, பக்கத்தில் உறங்கிக்கொண்டிருந்த நம் பையனை ஒருமுறை திரும்பிப் பார்த்தோம்.

மலைச் சைக்கிளின் பிறப்பு இதைவிட வியப்பானது. அமெரிக்காவில் கலிபோர்னியா மாகாணத்தில், சான்பிரான்சிஸ்கோவுக்கு வடக்கே, தமல்பாயிஸ் என்றொரு மலை இருக்கிறது. (பெயரைக் கேட்டதும் தமிழன்பர் சிலர் துள்ளியெழுவர். அது அவ்விடத்துப் பூர்வகுடிகளாகிய மீவோக் மக்களின் மொழியிலிருந்து வந்த பெயர். நம் மொழிக்கும் அதற்கும் உறவில்லை.) அம்மலையைச் சூழ்ந்த குன்றுகளில் 1970களில் இளைஞர் சிலர் சைக்கிளில் இறங்கி விளையாடினர். விலையுயர்ந்த சைக்கிள் அவர்களிடம் இல்லை என்பதன்று. இருந்தும், மெல்லிய டயர் அம்மண்பாதையில் தாங்கவில்லை. ஆகவே 1930களிலும் 1940களிலும் செய்த, பருத்த டயர் பூண்ட பழைய சைக்கிள்களைப் பழம்பொருள் விற்போரிடமிருந்து சொற்ப விலைக்கு வாங்கிப் பழுதுபார்த்து ஓட்டினர். 1976ஆம் ஆண்டு அக்டோபரில் முறையான பந்தயமும் தொடங்கிற்று. மூன்று கிலோமீட்டரைச் சற்றுக் கடந்த தொலைவில் நானூறு மீட்டர் இறக்கம்! பெடலைப் பின்னோக்கி மிதித்தால் பிடிக்கும் பழங்கால பிரேக்கில் கிரீஸ் காய்ந்து புகைந்துவிடும். ஒவ்வொரு முறை இறங்கிய பின்னும் புதிதாகக் கிரீஸ் அடைக்க வேண்டும். அதனாலேயே அந்தப் பாதைக்கு ‘ரீபேக்’, அதாவது ‘மீண்டும் அடைத்தல்’, என்று பெயர் வந்தது. பின்னர் ஜோ பிரீஸ் என்பவர் அதற்கெனவே புதிய சட்டகம் செய்தார். 1979இல் கேரி பிஷரும் சார்லி கெல்லியும் ‘மவுண்டன் பைக்ஸ்’ என்ற பெயரில் கடை தொடங்கினர். 1981இல் பெருந்தொகையாகச் செய்த மலைச் சைக்கிள் சந்தைக்கு வந்தது. இவற்றில் எதிலும் ஸ்பிரிங் இல்லை. முன்போர்க்கில் ஸ்பிரிங் போன்ற அமைப்பு விற்பனைக்கு வந்து பரவத் தொடங்கியதே 1989ஆம் ஆண்டு முதல்தான்.

நல்ல ஸ்பிரிங் போர்க் கெட்டதென்று நாம் சொல்லவில்லை. அதில் ஸ்பிரிங் அமுங்குவதோடு, மீண்டு எழும் வேகத்தைத் தணிக்க எண்ணெய் கொண்ட தனி அமைப்பும் இருக்கும். அதற்குரிய விலை தனியே பல ஆயிரம். எட்டாயிரம் ரூபாய்ச் சைக்கிளில் அது எங்ஙனம் வரும்? வெறும் கம்பிச் சுருள்தான் வரும், துள்ளும், கனக்கும், கடற்காற்றில் துருவேறும். அந்தச் சுருளுக்குச் செலவாகும் காசை, ரிம்மிலும் பேரிங்கிலும் செயினிலும் குறைத்துத்தான் கடைக்குக் கொண்டுவருவர். இந்தக் கதையைப் பையனிடம் மறுநாள் விவரித்தோம். “அப்ப ஒரிஜினல் மலை சைக்கிள்ல ஸ்பிரிங்கே கிடையாதா?” என்று இரண்டு முறை கேட்டுக்கொண்டான். ஒப்புக்கொண்டதாக முகம் காட்டவில்லை.

கியரைப் பற்றிய முடிவு எளிதில் ஏற்பட்டது. வீட்டிலிருந்து எர்ணாகுளம் சந்திப்புவரை ஏறக்குறைய ஒன்பது பத்துக் கிலோமீட்டர். பாலங்களைத் தவிர ஏற்றமில்லை. இருபத்தொரு கியரில் நாம் மூன்றுக்குமேல் பயன்படுத்தியதே இல்லை. விலைகுறைந்த கியர்ப் பொறி ஒருமுறை சைக்கிள் சாய்ந்து விழுந்தாலே வளைந்துவிடுகிறது. ஆகவே ஒற்றைக் கியர். ஆனால் பெரியவர் ஒரு யுக்தி சொன்னார். பெடல் பக்கத்துப் பல்சக்கரத்தில் 44 பல், பின்னால் ஃப்ரீவீலில் 18 பல் இருந்தால், பெடல் ஒரு சுற்றுச் சுற்ற வண்டி ஐந்து மீட்டர் போகும். 20 பல் ஃப்ரீவீல் மாட்டினால் நாலரை மீட்டர் போகும். வேகம் சிறிது குறையும். பாலத்தில் இறங்கித் தள்ள வேண்டியிருக்காது. குமாஸ்தா புத்தியாதலால் அதைத் தாளில் எழுதிப் பெருக்கிப் பார்த்தோம், சரியாகவே இருந்தது.

பிரேக்கில் மட்டும் சிக்கனம் கூடாது. ஆண்டுக்குச் சுமார் மூவாயிரம் மில்லிமீட்டர் மழை பெய்யும் ஊர் இது. பளபளக்கும் இரும்பு ரிம் நனைந்தால் பிரேக் கட்டை வழுக்கும். பிடித்த பிறகும் வண்டி நெடுந்தூரம் ஓடியே நிற்கும். அலுமினியக் கலப்பு ரிம்மில் ஈரத்திலும் பிடிப்பு வெகுவாக மேல், துருவும் ஏறாது. இரண்டு ரிம்மையும் மாற்றப் பணம் போதாதென்றால், முன்சக்கரத்தை மட்டுமாவது மாற்றுங்கள்; வண்டியை நிறுத்தும் பலத்தில் பெரும்பங்கு முன் பிரேக்கினுடையது.

2025 செப்டம்பர் 22ஆம் நாள் முதல் சைக்கிளுக்குரிய வரி 12 விழுக்காட்டிலிருந்து 5 விழுக்காடாகக் குறைந்தது நமக்கு அனுகூலமாயிற்று. முன்னர் ஆறாயிரத்து இருநூற்றைம்பதைத் தாண்டியிருந்த சைக்கிளை 5,880 ரூபாய்க்குப் பெற்றோம். ஸ்பிரிங் இல்லாத போர்க், இரண்டு அங்குலத்துக்குச் சற்றே மிகுந்த அகலமுள்ள டயர். டயரின் நடுவே தொடர்ச்சியான வரி ஓடுகிறது. முழுதும் பட்டன் பட்டனாக இருக்கும் டயர் தார்ச்சாலையில் இரைச்சலிட்டு இழுக்கும் என்று தவிர்த்தோம். நிறுவனத்தின் பெயர் வேண்டா, விளம்பரமாகிவிடும். நம்மவர் சென்னை அம்பத்தூரில் 1949ஆம் ஆண்டு தொடங்கிய டி.ஐ. சைக்கிள் தொழிற்சாலையின் பெயரைப் பெருமையுடன் சொல்வதுண்டு. பையனின் அளவுக்குப் பொருந்துவது எதுவோ அதையே வாங்க வேண்டுமென்பது நம் கட்சி. அதன்மேல் முன்ரிம் மாற்றக் கூலியுடன் 650, ஃப்ரீவீல் 180, அகலச் சீட்டு 350, மட்கார்டு இரண்டும் 240, பெல்லும் முன் விளக்கும் பின் சிவப்பு விளக்கும் 300, பூட்டு 150. ஆக 7,750. எஞ்சிய 250 ரூபாயை எண்ணெய்க்கும் பங்ச்சருக்குமென்று இல்லத்தரசியார் தனியே முடிந்துவைத்தார். செயினில் ஒரு கண்ணி கூட்டியதற்கு அண்ணாச்சி காசு வாங்கவில்லை.

ஆயுத பூசையன்று சைக்கிளுக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்து, எலுமிச்சம்பழத்தை நசுக்கி வெளியே எடுத்தபோது, பையன் முகத்தில் மகிழ்ச்சியைத் தேடினோம். இருந்தது, ஆனால் முழுமையாக இல்லை. பள்ளியில் தோழன் ஒருவன், “இது சாதா சைக்கிளல்லே?” என்று கேட்டானாம். அதை மகள்தான் வந்து சொன்னாள், அவன் சொல்லவில்லை. இரண்டு வாரம் சைக்கிளைப் பள்ளிக்கு எடுத்துச் செல்வதும் திரும்புவதுமாக இருந்தான், பேச்சில்லை. நாம் செய்தது சரிதானா என்ற ஐயம் நம்மை வாட்டியது. ஊரில் இருந்திருந்தால் இலவசமாகக் கிடைத்திருக்கும். இங்கே காசு கொடுத்தும் அவன் விரும்பியது கிடைக்கவில்லை. இரண்டாயிரம் ரூபாய் கடன் வாங்கியேனும் ஸ்பிரிங் வைத்ததையே வாங்கிக் கொடுத்திருக்கலாமோ என்றுகூட ஓரிரவு எண்ணினோம். இல்லத்தரசியாரிடம் சொல்லவில்லை.

ஐப்பசியில் மழை இடைவிடாது பெய்தது. ஒரு மாலை தொப்பலாக நனைந்து வந்தவன், தலையைக்கூடத் துவட்டாமல், “அப்பா, ரியாஸ் ரோட்டு முக்குல பிரேக் பிடிக்காம” என்று தொடங்கி, பெயரைச் சொல்லக்கூடாதென்று நினைத்தவன்போல் நிறுத்தி, “ஒருத்தன் டிஸ்க் பிரேக் வளைஞ்சு சக்கரமே சுத்தலை. தூக்கிக்கிட்டே நடந்தான். நான் அவன் பையை என் காரியர்ல வச்சுக் கொண்டுவந்து குடுத்தேன்” என்றான். அது வெற்றிக்குரல் அன்று. ஆனால் அன்று முதல் அவன் சைக்கிளைத் தானே துடைக்கத் தொடங்கினான். மழையில் ஓட்டி வந்ததும் நல்ல தண்ணீர் ஊற்றி உப்பைக் கழுவி, துணியால் துடைத்து, செயினுக்குத் தையல் இயந்திர எண்ணெய் சொட்டுச் சொட்டாய் விட்டு, மிஞ்சியதைத் துடைத்துவிட வேண்டும். தேங்காயெண்ணெய் விடுவது இவ்வூரில் பலர் செய்யும் தவறு. அது பிசினாகி மண்ணைப் பிடித்துக்கொள்ளும்.

காற்றின் அளவை அவனே கண்டுபிடித்தான். டயரின் பக்கத்தில் 40 முதல் 65 பவுண்டு என்று அச்சிட்டிருக்கிறது. காற்றடிக்கும் இடங்களில் கேட்காமலே அறுபதைத் தாண்டி ஏற்றிவிடுகின்றனர். ஐம்பது கிலோ எடையுள்ள பிள்ளைக்கு அது மிகை. முன்னால் 40, பின்னால் பாரம் கூடுதலாதலால் 45 என்று வைத்து ஓட்டினான். கடைவீதியின் பள்ளங்களில் குலுக்கல் பாதியாகக் குறைந்துவிட்டது என்கிறான். நாற்பதுக்கும் கீழே இறக்கினால், பள்ளத்தின் விளிம்பில் மோதும்போது டியூப் ரிம்முக்கு இடையே நசுங்கி அடுத்தடுத்து இரண்டு துளை விழும். அதையும் ஒருமுறை செய்து பார்த்துவிட்டான். முடிந்துவைத்த 250 ரூபாயில் முதற்செலவு அதுவே.

மார்கழி விடுமுறையில் ஒரு காலை, பணி முடிந்து களைத்து வந்த நாம் திண்ணையில் சாய்ந்திருந்தோம். உள்ளே பையன் தொலைபேசியில் தன் அத்தானோடு பேசிக்கொண்டிருந்தான். ஊர்ச் சைக்கிள் முதுகை வலிக்கச் செய்கிறதென்று அக்காள் மகன் சொன்னான் போலும். நம் பையன் குரல் ஓங்கிக் கேட்டது: “அத்தான், நீ பெடல்ல குதிகாலை வச்சுப் பாரு, கால் நேரா வருதான்னு. வரலைன்னா சீட்டைத் தூக்கு. அப்புறம், காத்தை யாரையும் அடிக்க விடாதே. நீயே அடி.”